இன்றைய நிறம்

விடியுமுன் ஐந்தரைக்கு
என் குரல் எண்பத்துமூன்று வீடுகளில் எழுந்துகொள்கிறது.
நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.
முந்தின மாலையே பதிந்து வைத்துவிட்டுப் போயிருப்பேன்:
"இன்றைய நிறம் ஊதா."
அவ்வளவுதான். வணக்கம்கூடக் கிடையாது.

ஊதாக்காரர்கள் எட்டு மணிக்குள் வரவேண்டும்
ஆற்றோரச் சாலைக்கு, பழைய செருப்புக்கடையின் பின்கட்டுக்கு,
ஒரு கோப்பையை நிரப்ப,
ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க.
மற்றவர்கள் மறுபடி படுத்துக்கொள்ளலாம்.
யாரும் படுப்பதில்லை என்று பின்னால்தான் தெரிந்தது.

கென்டக்கியின் கிழக்கு மூலை.
கரி தீர்ந்துபோன மலைகள்.
சுரங்கத்தில் முதுகு ஒடிந்தவர்களுக்கு
மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையில் ஆரம்பித்தது.
மாத்திரை நின்றது.
முதுகு நிற்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பத்து மணி.
நீதிபதி கோடில் மேடை ஏறமாட்டார்,
தரையில் நிற்பார், அங்கியின் விளிம்பு தூசி பெருக்க.
"நாய் குட்டி போட்டதா, வெர்லின்?"
"ஆறு, ஐயா. ஒன்று தங்கவில்லை."
"எத்தனை நாள் ஆயிற்று?"
"நாற்பத்தொன்று."
எல்லோரும் கைதட்டுவோம்.
குறிப்பெழுதும் நானும் விரலை நிறுத்திவிட்டுத் தட்டுவேன்.
ஆகவே அந்தக் கைதட்டல்
எந்தப் பதிவிலும் இல்லை.

ஒருத்தி மகனின் சிறுநீரை
மருந்துக் குப்பியில் ஒளித்துக் கொண்டுவந்தாள்.
சோதனையில் அப்பழுக்கில்லை.
கோப்பையில் ஒட்டியிருந்த வெப்பப்பட்டை காட்டிக்கொடுத்தது:
உடம்பின் சூடு இல்லாத உண்மை.
இரண்டு நாள் சிறை.
அதே வாரம் இன்னொருவன் தானாகவே வந்து
"நேற்று ஊசி போட்டுக்கொண்டேன்" என்றான்.
அவனுக்கு ஜூரிகளின் பெஞ்சில் ஒரு நாள், ஒரு பக்கம் எழுத்து வேலை.
இங்கே விலை அப்படி.

மதியம் ஒன்றரை. அதே அறை.
நீதிபதி மேடை ஏறிவிட்டார்.
டுவைட் நேப்பியர், இருபத்தொன்பது வயது.
வெர்லினிடம் இருந்த அதே தூள், ஏறக்குறைய அதே எடை.
ஆனால் பத்தொன்பதாவது வயதுத் திருட்டில்
அவன் பையில் ஒரு கத்தி இருந்ததாம்.
காலைக் கூட்டத்துக்குத் தகுதியில்லை.
ஆறு வருடம்.
எழுதினேன்.
நாய் இருக்கிறதா என்று அவனை யாரும் கேட்கவில்லை.
எங்கள் பட்டியலில் ஏழு நிறங்கள்;
ஆரஞ்சு மட்டும் இல்லை,
அதைச் சிறை முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது.

போன வெள்ளிக்கிழமை பெட்ரோல் பங்கில்
கல்லாவுக்குப் பின்னால் இருந்த சூயிங்கத்தைக் காட்டி
"பச்சை" என்றேன்.
அந்தப் பெண்ணின் கை பாதியில் நின்றது.
சில்லறை தரையில் உருண்டது.
"நீங்களா அது?"

டமரா ஃப்யூகேட். நிறம் பச்சை.
பட்டம் வாங்கிப் போய் இரண்டு வருடம் ஆகிறது.
முகம் எனக்கு நினைவில்லை, எண் நினைவிருந்தது.
"இன்னும் கூப்பிடுகிறேன், தினமும்," என்றாள்
ஏதோ திருடியதை ஒப்புக்கொள்கிறவள்போல.
பச்சை வந்தால்?
"எழுந்து காப்பி போடுவேன்."
வராவிட்டால்?
"அப்போதும் காப்பிதான்."
குனிந்து சில்லறை பொறுக்கினோம் இருவரும்.
பின்னால் லாரிக்காரர் தொண்டையைச் செருமினார்.

அன்று மாலை சீட்டு எடுத்தேன். பழுப்பு.
ஒலிவாங்கியில் சொன்னேன்.
கேட்டுப் பார்த்தால்
குரலில் ஏதோ ஏறியிருந்தது,
யாருடைய கதவையோ தட்டுவதுபோல.
அழித்துவிட்டு மறுபடி சொன்னேன்,
வெறும் நிறத்தைச் சொல்வதுபோல.
மூன்றாவது தடவைதான் வந்தது.